கல் என்றால் நேற்றாம்!

எங்கள் ஊரின் தலைமாட்டில் ஒரு பாறை படுத்திருக்கிறது. மரமில்லை, சுனை கொஞ்சும் சோலையில்லை, மொட்டைப் பாறை. தாடிக்கொம்புச் சாலையில் வந்தாலும் சரி, வத்தலக்குண்டுச் சாலையில் வந்தாலும் சரி, சமவெளியில் முதலில் கண்ணுக்குத் தட்டுப்படுவது அதுதான். செல்வர் வீட்டுக் கூடத்தில் சாய்ந்துகொள்ளப் போடுவார்களே, அந்தத் திண்டைப் போன்ற கல். ஆகவே திண்டுக்கல் என்பார்கள். ‘திண்டு’ குறித்து வேறு கருத்துச் சொல்வோரும் உண்டு. சொல்லட்டும். ‘கல்’ குறித்து இரண்டு கருத்து இருக்க இடமேது? பாறை எதிரே நிற்கிறது!

இருக்கிறதாம் இடம்! சென்ற ஆண்டு ஒரு திருமணப் பந்தியில் என் பக்கத்து இலைக்கு முன் அமர்ந்த பெரியவர் எனக்குப் புதுப்பாடம் நடத்தினார். “தம்பி, நீங்கள் வாத்தியார். ஆங்கிலத்தில் நம் ஊரை எப்படி எழுதுகிறார்கள், பாருங்கள். டிண்டிகுல்! ‘குல்’ என்றால் பாரசீகத்தில் மலர். ஐதர் அலி வைத்த பெயர் தம்பி, இது.”

மலர் என்பது உண்மை. பாரசீகத்தில் ‘குல்’ மலர்தான், உருதுவிலும் அப்படியே, துருக்கியில் ரோசாவை ‘க்யுல்’ என்பார்கள். ஐதர் அலி திண்டுக்கல்லுக்கு வந்ததும் உண்மை. 1755-இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக வந்தார். ஆனால், அவர் வருவதற்கு நூறாண்டுக்கும் மேல் முன்னரே மதுரை நாயக்கர் அந்தப் பாறை மேல் கோட்டை எழுப்பியிருந்தனர். ஊரும் இருந்தது, பெயரும் இருந்தது. தூத்துக்குடியை டூட்டிக்கோரின் ஆக்கிய அதே ஆங்கிலப் பேனாதான் கல்லைக் ‘குல்’ ஆக்கியது. பேனா சறுக்கிய இடத்தில் பாரசீகப் பூ முளைத்துவிட்டது!

கல் கல்தான் என்பதற்குச் சான்று வேண்டுமானால் சற்றுச் சுற்றிப் பார்த்தால் போதும். ஊர் நடுவே பெரும்பாறை நிற்கும் நாமக்கல் இருக்கிறது. தெலுங்கு நாட்டில் ஓருகல்லு இருக்கிறது. வாரங்கல் என்று இன்று எழுதப்படும் ஊர் அதுதான். ஒற்றைக் கல் என்று பொருள். அதை வடமொழிப்படுத்தியவர்கள் ‘ஏகசிலா நகரம்’ என்றார்கள். மலர் நகரம் என்று சொல்லவில்லை. பாறை இருக்கும் இடமெல்லாம் கல் என்னும் சொல்லும் இருக்கிறது. ஓர் ஊரின் ஓர் எழுத்துப்பிழையைப் பிடித்துக்கொண்டு தொங்குவது வேறு. பல ஊர்களை அடுக்கி ஒரு நெறியைக் காண்பது வேறு. பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் பாயசத்தில் கவனமானார்.

இந்தக் ‘கல்’ என் வகுப்பறையிலும் ஒருநாள் விழுந்தது. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு வடநாட்டிலிருந்து வேலை தேடி வருவோர் இன்று பலர். அவர்களுள் ஒருவருடைய மகன் என் வகுப்பில் படிக்கிறான். தமிழ் நன்றாகவே பேசுவான். பதற்றம் வந்தால் வீட்டு மொழி முந்திக்கொள்ளும். “நேற்று ஏன் வரவில்லை?” என்றேன். “கல்…” என்று தொடங்கித் தடுமாறினான். “கணக்குப் பயிற்சியை எப்போது கொண்டு வருவாய்?” என்றேன். அதற்கும் “கல்…” என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. “சார், கல்லைக் கொண்டு வரப்போகிறானாம்!”

இந்தியில் ‘கல்’ என்றால் நேற்று, நாளையும் அதுதான். விடியலைக் குறித்த பழைய வடசொல் ஒன்றின் வழி வந்தது. முன்னே போன விடியலா, பின்னே வரும் விடியலா என்பதை வினைச்சொல் சொல்லும். நம் கல்லுக்கும் அந்தக் ‘கல்’லுக்கும் முகம் ஒன்று, முன்னோர் வேறு. அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபின், சிரித்தவர்களுக்கே ஆசை பிறந்துவிட்டது. “வேறு என்னென்ன, சார்?” என்று கேட்கலானார்கள். வடநாட்டுப் பையன் அன்று ஆசிரியனானான். நான் எழுதுகோல் பிடித்தேன். நமக்குப் பால் என்றால் கறந்த பால். அவனுக்குப் படகின் பாய். நமக்குப் பல் கடிக்க. அவனுக்கு அது நொடிப்பொழுது. நமக்கு நாம் என்றால் நாமெல்லோரும். அவனுக்கு ‘நாம்’ என்றால் பெயர். நாம் ஆம் என்று தலையாட்டினால் அவனுக்கு மாம்பழம் நினைவுக்கு வரும். நமக்குப் பூ மணக்கும்; அவனுக்கோ ‘பூ’ என்று நம் எழுத்தில் எழுதக்கூடிய சொல் பாரசீகத்திலிருந்து வந்த ‘நாற்றம்’. மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றம்!

இந்த ‘நம் எழுத்தில் எழுதக்கூடிய’ என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நம் ககரம் ஒன்று. வடவர் அதற்கு நான்கு எழுத்து வைத்திருக்கிறார்கள். வேற்றுச் சொற்கள் நம் எழுத்துக்குள் வந்து புகும்போது, நான்கு பேர் ஒரே சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாற்போல நிற்கின்றன. ‘காலி’ என்று எழுதுங்கள். அரபியில் பிறந்து உருது வழியாக வந்து ‘வீடு காலி’ என்று நம் தெருக்களில் அட்டையாகத் தொங்கும் சொல் அது. இந்திக்காரரின் வசைச்சொல்லும் நம் எழுத்தில் காலிதான். கறுப்பு நிறத்தவளும் காலிதான். இவை எவற்றோடும் தொடர்பில்லாமல், ‘கன்று காலி’ என்று நம் சிற்றூர் உழவர் சொல்லும் மாட்டு மந்தை நம் சொந்தக் காலி. கடல் கடந்தால் இலங்கையின் தென்மேற்குக் கோடி நகரம் காலி. கொழும்பிலிருந்து அதை நோக்கி ஓடும் பெருஞ்சாலை காலி வீதி. கொழும்புக் கடலோரத் திடல் காலி முகத்திடல். 2022-இல் அந்நாட்டு மக்கள் திரண்டு நின்று, குடியரசுத் தலைவரையே நாட்டைவிட்டு ஓட வைத்தார்களே, அந்த இடம். காலி முகத்திடல் நிரம்பி வழிந்த செய்தியைப் படித்து நம்மூர்த் தேநீர்க்கடையில் ஒருவர் திகைத்ததை நான் பார்த்தேன். திகைப்பு அவர் குற்றமன்று, எழுத்தின் குறும்பு.

இவையெல்லாம் தற்செயலாக ஒத்தவை. இன்னொரு வகை உண்டு; அதில் தற்செயல் இல்லை, இரவல் உண்டு. ஒரே வடசொல்லைப் பல மொழியினர் கடன் வாங்கினர். வாங்கியபின் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு வழக்கப்படி அதைப் பழக்கினர். எங்கள் பேருந்து நிலையத்தில் மூவர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். தமிழர் “அவசரம்” என்றால் வண்டியைப் பிடிக்க ஓடுகிறார். தெலுங்கு பேசுபவர் “அவசரம்” என்றால் அவருக்கு ஏதோ தேவைப்படுகிறது, ஓட்டம் இல்லை. இந்திக்காரரின் ‘அவசர்’ வாய்ப்பு. ஒருவர் விரைகிறார், ஒருவர் வேண்டுகிறார், ஒருவர் நல்வாய்ப்பு வந்ததென்று மகிழ்கிறார். நமக்கு உபந்நியாசம் என்றால் கோயில் மண்டபத்தில் பாகவதர் செய்வது. வங்காளிக்கும் இந்திக்காரருக்கும் அது நாவல். பாகவதர் சொல்லுவதும் கற்பனைக் கதைதானே என்று நம் தோழர் ஒருவர் குறும்பாகச் சொன்னார். மொழி நூலுக்கு அது தேவையில்லை, இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

ஆனால் ஆசிரியனாகிய என்னை உறுத்தும் சொல் ‘சிக்ஷா’. நடுவண் அரசு 2018-இல் தொடங்கிய பள்ளித் திட்டத்தின் பெயர் ‘சமக்ர சிக்ஷா’. இந்தியில் சிக்ஷா என்றால் கல்வி. தெலுங்கிலும் மலையாளத்திலும் ‘சிக்ஷ’ என்றால் தண்டனை. தமிழில் ‘சிட்சை’ என்று பழைய தலைமுறை சொல்லுமே, அதுவும் பெரும்பாலும் தண்டனைதான். முழுமையான கல்வி என்று வடக்கே எழுதுகிறார்கள். முழுமையான தண்டனை என்று தெற்கே காதில் விழுகிறது! வடமொழியில் அச்சொல்லின் முதற்பொருள் கற்றல், கற்பித்தல். அது தெற்கே வந்து எப்படித் தடியாக மாறியது என்று எண்ணிப் பாருங்கள். அடியாத மாடு படியாது என்று நம்பிய திண்ணைப் பள்ளிக்கூடங்களில், கற்பிப்பதும் அடிப்பதும் ஒரே வேளையில் ஒரே கையால் நடந்த வேலை. பிள்ளையின் முதுகு எந்தப் பொருளை நினைவில் வைத்துக்கொள்ளும்? சொல்லின் பொருள் திரிந்தது என்கிறோம். பிரம்பு திரித்தது என்பதே என் எண்ணம்.

இதுவரை சிரித்தோம், தோழர்களே. இனிச் சற்றுக் கசக்கும். கசப்பு நம் சொந்த வீட்டுச் சரக்கு.

நம் இளைஞர் மன்றக் கூட்டங்களில் ஒரு பேச்சைக் கேட்டிருப்பீர்கள். “ஆங்கிலேயன் ‘ஒன்’ என்கிறான், நம் ஒன்று! அவன் ‘எய்ட்’ என்கிறான், நம் எட்டு! கொரியன் தந்தையை ‘அப்பா’ என்கிறான். தன்னை ‘நான்’ என்கிறான்! உலகமெல்லாம் பேசுவது தமிழ்!” கைதட்டல் கூரையைப் பிய்க்கும். வடமொழியே எல்லா மொழிக்கும் தாய் என்று ஒருவன் சொன்னால், சான்று எங்கே என்று மடக்குகிறோம். அதே வாயால், ஒலி ஒத்த நான்கு சொற்களை வைத்துக்கொண்டு உலகத்தையே உறவு கொண்டாடலாமா? புராணத்தைத் தராசில் நிறுத்தியவன், தன் பெருமையை மட்டும் தராசுக்கு வெளியே வைப்பது பகுத்தறிவாகுமா? தட்டு ஒன்றுதான், படிக்கல்லும் ஒன்றுதான்.

சரி, நிறுத்துப் பார்ப்போம். கல், பால், வில், மண் என்பன போன்ற ஓரசைச் சொற்கள் நம் மொழியில் எத்தனை வடிவில் அமையக்கூடும்? முதலில் க, ச, த, ந, ப, ம, வ என்னும் ஏழு மெய்களுள் ஒன்று வரலாம். மெய்யின்றி உயிரே முதலாகவும் வரலாம். ஆக எட்டு வாய்ப்பு. நடுவில் குறிலும் நெடிலுமாகப் பத்து உயிர். இறுதியில் ண, ம, ய, ர, ல, ழ, ள, ன என்னும் எட்டு மெய். பெருக்கினால் 640. அறுநூற்று நாற்பதே இருக்கைகள்! உலகில் இன்று பேசப்படும் மொழிகளோ ஏறத்தாழ ஏழாயிரம். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான சொற்கள். ஒரே இருக்கையில் இருவர் மோதிக்கொள்ளாமலிருந்தால்தான் வியப்பு.

மோதலுக்குப் பொருளும் துணைபோகும் நேரம் உண்டு. ஆத்திரேலியாவின் வடகிழக்கில் ம்பபரம் என்றொரு மொழி இருந்தது. 1960-களில் டிக்சன் என்னும் மொழியறிஞர் அதன் கடைசிப் பேச்சாளரிடம் நாய்க்கு என்ன சொல் என்று கேட்டார். ‘டாக்’ என்றார் முதியவர். ஆங்கிலத்தில் கற்றதன்று, அவர்களுடைய சொந்தச் சொல். அண்டை மொழிகளில் ‘குடக’ என்பது அந்த மொழியின் ஒலி மாற்ற நெறிப்படி தேய்ந்து ‘டாக்’ ஆயிற்று. ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. ஆயினும் உறவு இல்லை. அதற்கு மறுதலையாக ஜார்ஜிய மொழியைப் பாருங்கள். நமக்குத் தாயுடன் பிறந்தவர் மாமா. ஆங்கிலக் குழந்தைக்குத் தாயே மாமா. ஜார்ஜியக் குழந்தைக்கோ ‘மாமா’ என்றால் தந்தை! குழந்தையின் வாய்க்கு முதலில் எளிதாக வருவன உதட்டொலிகள். அந்த மழலையைப் பெற்றோர் தத்தம் பெயராக எடுத்துக்கொள்கின்றனர் என்று ரோமன் யாக்கப்சன் விளக்கினார். அப்பாவும் அம்மாவும் உலகெங்கும் கேட்பது, உலகெங்கும் குழந்தைகள் பிறப்பதால்.

கொரிய மொழிக்கு வருவோம். ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905-இல் கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழி இலக்கணத்தையும் ஒப்பிட்டு நூலே வெளியிட்டார். மொழி நூலார் இன்று அந்த உறவை ஏற்பதில்லை. ஏன்? கொரியத்தில் ‘நா’ என்பதே நான். பின்னால் ஒட்டும் ‘ன்’ வேறோர் இடைச்சொல்லின் சுருக்கம். இங்கேயோ, சங்க நூல்களில் பெருவழக்காக நிற்பது ‘நான்’ அன்று, ‘யான்’. பின்னோக்கிப் போகப் போக ஒற்றுமை கரைகிறது. ஆங்கில ‘ஒன்’ பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’, இலத்தீனில் ‘ஊனுஸ்’. ‘எய்ட்’ இலத்தீனில் ‘ஒக்தோ’. நம் எட்டின் பழைய வேர் ‘எண்’. எண்பதிலும் எண்ணூறிலும் அது இன்னும் இருக்கிறது. உண்மை உறவினரைப் பாட்டன் வீட்டுக்கு அழைத்துப் போனால் முகச்சாயல் கூடும். அயலாரை அழைத்துப் போனால் குறையும். இதைவிட எளிய உரைகல் எனக்குத் தெரியாது.

அந்த உரைகல்லில் தேறியவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதுதான் என் மனத்தைச் சுட்டது. எங்கள் சமவெளியில் வீட்டில் தெலுங்கு பேசுவோர் உண்டு. கன்னடம் பேசுவோர் உண்டு. நெசவாளர் தெருக்களில் சௌராட்டிரம், பேகம்பூரில் உருது. கன்னட வீட்டுப் பையன் ஒருவன் என் வகுப்பில் பேசவே மாட்டான். காரணம் பிறகுதான் தெரிந்தது. முந்தைய வகுப்பில் ஒருநாள் பாலை ‘ஹாலு’ என்று சொல்லிவிட்டானாம். அன்றிலிருந்து அவன் பெயரே ஹாலு. தொலைவிலிருக்கும் கொரியன் ‘அப்பா’ என்றால் புல்லரிக்கிறது. பக்கத்துப் பலகைப் பையன் ‘ஹாலு’ என்றால் கேலி!

அடுத்த நாள் கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டேன். ஒன்றில் நான் எழுத, மற்றதில் அவனை எழுதச் சொன்னேன். தயங்கித் தயங்கித்தான் வந்தான். பால் என்றேன், ஹாலு. பல், ஹல்லு. பத்து, ஹத்து. பாம்பு, ஹாவு. பெண், ஹெண்ணு. பெயர், ஹெசரு. பூ, ஹூவு. புலி, ஹுலி. புளி, ஹுளி. இந்தக் கடைசி இரண்டில் வகுப்பு நிமிர்ந்தது. விலங்குக்கு நம் லகரம் என்றால் அங்கும் லகரம். சுவைக்கு ளகரம் என்றால் அங்கும் ளகரம். நாமே தேர்வுத்தாளில் தவறவிடும் வேற்றுமையை அவன் பாட்டி அடுப்படியில் தவறாமல் காத்து வருகிறாள்! நான்கு சொல் ஒத்தது என்பதன்று இது. சொல்லின் முதலில் நமக்குப் பகரம் நின்றால் அங்கே ஹகரம் நிற்கும் என்னும் நெறி. ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கிய மாற்றம். அதற்கு முந்திய பழங்கன்னடத்தில் அவர்களும் பால் என்றும் புலி என்றுமே எழுதினர். பாட்டன் வீட்டில் முகம் ஒன்றாகிவிட்டது, பார்த்தீர்களா? நம் செவி அவனுக்குக் கிவி. நம் சேரி அவனுக்குக் கேரி. அது இன்னொரு நெறி. தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் எழுந்துகொண்டார்கள்: பாலு, புலி, பாமு, பேரு. அவர்கள் பகரத்தை விடவில்லை.

ஆக, படகுப் பாயைக் குறிக்கும் ‘பால்’ அச்சு அசலாக ஒத்திருந்தும் அயல். ‘ஹாலு’ முகம் மாறியிருந்தும் உடன்பிறப்பு. சென்னையில் கலெக்டராயிருந்த எல்லிஸ் 1816-இல், காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முகப்பில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பம், வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்று எடுத்துக்காட்டியது இத்தகைய ஒப்பீட்டால்தான். அவர் 1819-இல் இராமநாதபுரத்தில் இறந்தார். 1856-இல் கால்டுவெல் அதை விரித்து ஒப்பிலக்கணம் தந்தார். நாம் மேடையில் பெருமையோடு உச்சரிக்கும் திராவிடம் என்னும் மொழிக்குடும்பப் பெயருக்கு அடித்தளம் கைதட்டலன்று; இந்த இரண்டு பத்திக் கணக்கு. கால்டுவெல்லுமே, குடும்பத்தை நிறுவிய கையோடு சித்தியம் என்று அவர் அழைத்த வடபுல மொழிக்கூட்டத்தோடும் நமக்கு உறவு தேடினார். அந்தப் பகுதியைப் பின்வந்த ஆய்வு ஏற்கவில்லை. பெரியவர் சொன்னதாயினும் நிறுத்துப் பார்க்கத்தானே வேண்டும்.

ஒரு வாரம் கழித்து அந்தக் கன்னட வீட்டுப் பையன் தானாக என் மேசைக்கு வந்தான். குறிப்பேட்டில் இரண்டு பத்தி நிரம்பியிருந்தது. ஒரு சொல் மட்டும் இடமில்லாமல் ஓரத்தில் கிடந்தது. “சார், எங்கள் வீட்டில் திருவிழாவை ‘ஹப்ப’ என்கிறோம். ஹகரத்தை எடுத்துவிட்டுப் பகரம் போட்டால் ‘பப்ப’ வருகிறது. தமிழில் அப்படி ஒன்றும் இல்லையே?”

நல்ல கேள்வி. அது உடன்பிறப்பன்று, விருந்து. வடமொழியின் ‘பர்வ’ பிராகிருதத்தில் ‘பப்ப’ ஆகி, அங்கிருந்து கன்னடத்துக்கு வந்தது. வந்த வேளையில் அங்கே பகரம் இன்னும் ஹகரமாகவில்லை. பிறகு வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஹகரச் சட்டை மாற்றியபோது விருந்தாளிக்கும் ஒன்று மாட்டிவிட்டார்கள். “அப்படியானால் அது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே வந்த சொல்லா, சார்?” என்றான், நான் சொல்வதற்கு முன்பே. ஆம் என்றேன். பிந்தி வந்தவற்றுக்கு அந்தச் சட்டை கிடைக்கவில்லை. பென்சில் கன்னடத்திலும் பென்சில்தான்.

அவன் குறிப்பேட்டில் மூன்றாவதாக ஒரு கோடு இழுத்துக்கொண்டான். செய்தி எப்படியோ பரவி, அன்று மாலை வரை எங்கள் வகுப்பில் பென்சிலுக்குப் பெயர் ஹென்சில்.